ரஞ்சன்குடியில் மூன்று தடவை கேட்ட பாட்டு

போன வாரம் மகளின் ஸ்போர்ட்ஸ் டே டி-ஷர்ட்டைத் தேய்க்கிறேன் பேர்வழி என்று கெடுத்துவிட்டேன். முதுகுப் பக்கம் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பளபளவென்று ஒட்டியிருந்தார்கள். உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டுத்தான் மனைவி குளிக்கப் போனாள். எனக்குத்தான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற பழக்கம் உண்டே. பெட்டியைத் தூக்கியபோது பாதி எழுத்து அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கருகின பிளாஸ்டிக்கும் சூடான பருத்தியும் கலந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. மனைவி ஓடி வந்து பார்க்கும்போது நான் இஸ்திரிப் பெட்டியை மூக்குக்கு நேராகப் பிடித்து மோந்துகொண்டிருந்தேன். மூளை கீளை குழம்பிவிட்டதா என்று கேட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அந்த நேரத்தில் நான் திருச்சி வீட்டில் இல்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், கார்த்தியின் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

கார்த்தி ஃபிளெக்ஸ் போர்டு அடிப்பவன். மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் பெரம்பலூரின் நல்லது கெட்டது எல்லாம் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். அதோடு டி-ஷர்ட்டில் படம் ஒட்டுகிற மெஷின் ஒன்றும் வைத்திருந்தான். மத்தியானம் வாடிக்கையாளர் வராத நேரத்தில் எங்கள் சட்டைகளை அதில் அடித்துக் கொடுப்பான். கறுப்புச் சட்டை, நெஞ்சில் வெள்ளையாக ஒரு தண்டவாளம், கீழே 'மூணாம் பிளாட்பாரம்' என்று கோணல் எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு அரியலூர் மார்க்கெட்டில் நடந்தால், தம்பி ரயில்வேயில் வேலை பார்க்கிறீங்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உத்தியோகமாவது உயர்ந்திருக்கும்.

மூணாம் பிளாட்பாரம் என்பது சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழு. சினிமாவில் பாடாதவர்கள். டி.வி.யில் வராதவர்கள். மொத்தமாக ஒரு பத்துப் பன்னிரண்டு பாட்டு யூடியூபில் கிடக்கும். அரியர் வைத்தவன், வேலை கிடைக்காதவன், அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லாதவன், இப்படிப்பட்டவர்களுக்காகவே எழுதிய மாதிரி வரிகள். கிட்டார் அலறும். பாடுகிறவன் சண்டைக்கு வருகிற மாதிரி பாடுவான். எனக்கு மேலே சொன்ன மூன்று தகுதிகளும் இருந்தன. பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்து, பாக்கி வைத்த பேப்பர்களை எழுதி முடிப்பதற்குள் தாடியில் ஒன்றிரண்டு நரைத்துவிட்டது. அப்புறம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், ஒப்பந்த அடிப்படையில் சாம்பிள் எடுக்கிற வேலை. மணிக்கு ஒருமுறை போய் மாவு மாதிரி வருவதை ஒரு டப்பாவில் பிடித்து லேபுக்குக் கொண்டுவந்து சலித்துப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பதை ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் வரைக்கும் சொல்ல மாட்டார்கள்.

அதைக்கூடத் தாங்கிவிடலாம். ரூம் தேடினதைத்தான் தாங்க முடியவில்லை. அரியலூரில் நான் ஏறி இறங்காத மாடிப்படி இல்லை. வீட்டுக்காரர் முதலில் அன்பாகத்தான் பேசுவார். எந்த ஊர் தம்பி என்பார். ஆண்டிமடம் பக்கம்ங்க என்பேன். பக்கம்னா எங்க என்பார். உள்ள போகணும்ங்க என்பேன். எந்தப் பக்கம் உள்ள என்பார். முந்திரிக்காட்டைத் தாண்டிங்க என்பேன். ஆண்டிமடத்தில் எந்தத் திசையில் போனாலும் முந்திரிக்காட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஊர்ப் பெயரை வாங்கிவிடுவார். பிறகு, ஊர்ல எங்க, கோயில் தெருவா, ரோட்டுக்கு அந்தண்டையா என்று வரும். பஸ் ஸ்டாப் பக்கம்ங்க என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊருக்குப் பஸ்ஸே கிடையாது. ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார், காலனியா தம்பி என்று. ஆமாங்க என்றேன். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து தங்கப் போகிறார்கள் என்றார். அந்த 'வாடகைக்கு விடப்படும்' பலகை நான் அரியலூரில் இருந்த வரைக்கும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் பாவம், வழியில் எங்கோ மாட்டிக்கொண்டார்கள் போல.

கிட்டார் ஏன் பிடித்தது என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் பெரிய விளக்கமெல்லாம் கொடுப்பேன். உண்மையான காரணம் சின்னது. எங்கள் தெருவில் மேளம் உண்டு. சித்தப்பா ஊரில் சாவு விழுந்தால் போய் அடிப்பார். அப்பா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆறாவது படிக்கும்போது நான் ஆசையாக அதை எடுத்து ரெண்டு தட்டு தட்டினதற்கு, முதுகில் ரெண்டு தட்டு விழுந்தது. "இந்தச் சத்தம் என்னோட முடியட்டும், உன் கையால வரக் கூடாது" என்றார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும். கிட்டாரைக் கேட்டால் அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று எங்கள் மாவட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்படித்தான் இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். யூடியூபில் ஒரு பாட்டுக்குக் கீழே, பெரம்பலூரில் யாராவது இதைக் கேட்கிறீர்களா என்று கார்த்தி எழுதியிருந்தான். அரியலூர்க்காரன் கேட்டால் ஆகாதா என்று நான் எழுதினேன். ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். ஒருவரையொருவர் வாத்தியத்தின் பெயரால் கூப்பிடுவது வழக்கமாகிப் போனது. எல்லாரும் கிட்டாரைக் கேட்கும்போது நான் அடியில் முனகிக்கொண்டு போகிற பேஸ் கிட்டாரை மட்டும் பிரித்தெடுத்து வாயாலேயே தும்தும் என்று போட்டுக் காட்டுவேன். அதனால் நான் பேஸ். வாழ்நாளில் ஒரு பேஸ் கிட்டாரைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

குரூப் நன்றாக ஓடிய அந்த மூன்று வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. இது உங்களுக்குப் பெரிசாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு அது நிழலில் போய் நின்ற மாதிரி. அங்கே நான் ஒரு காது. அவ்வளவுதான். அதிலும் கொஞ்சம் திமிர் பிடித்த காது. பிளாட்பாரத்தின் ஒரு மெதுவான பாட்டை மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தபோது, இது பல்வலிக்காரன் முனகுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க என்னைக் கும்மி எடுத்தார்கள். நானும் விடவில்லை. கடைசியில் பசி வந்ததால் சண்டை நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

புதுப் பாட்டு கேட்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. பாட்டு என்றைக்கு வெளியானாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருவரும் கேட்கக் கூடாது. ஞாயிறு காலையில் ரஞ்சன்குடிக்குப் போவோம். கோட்டைக்கு வெளியே, அகழிப் பக்கம் ஒரு வேப்பமரம். அதன் கீழே ரகு காரை நிறுத்தி நாலு கதவையும் திறந்துவிடுவான். ரகு உடையார்பாளையம் பக்கத்துக்காரன். வீட்டில் நிலம் நீச்சு, நெல், முந்திரி எல்லாம் உண்டு. அந்தக் காரின் ஸ்பீக்கருக்கு அவன் செய்த செலவைப் பார்த்து அவன் அப்பா ஒரு மாதம் பேசவில்லையாம். மூன்று தடவை போடுவோம். மூன்றாவது தடவை முடிகிற வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதல் தடவை கேட்பது பாட்டே இல்லை, நம்முடைய எதிர்பார்ப்பு என்று கார்த்தி சொல்வான். ஃபிளெக்ஸ் அடிக்கிறவனுக்கு இப்படியெல்லாம் பேச எங்கிருந்துதான் வருமோ.

நஸ்ரின் மட்டும் நேரில் வர மாட்டாள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்கக் கோட்டைக்குப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொல்லிவிட முடியாது. அதனால் ரகு அவளுக்குப் போன் போட்டு, போனைக் கார் பானெட் மேல் வைத்துவிடுவான். அவள் அந்தப் பக்கத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பாள். பாதிப் பாட்டு காற்றிலேயே போய்விடும். ஆனாலும் எங்களைவிடச் சரியாகச் சொல்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிளாட்பாரத்துக்காரர்கள் டான்ஸ் பாட்டு போட்டார்கள். இனிமேல் உட்கார்ந்து கேட்கிற பாட்டு இல்லை, எழுந்து ஆடுகிற பாட்டுதான் என்று பேட்டி வேறு கொடுத்தார்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வடசென்னையிலிருந்து மேளக்காரர்களை அழைத்துவந்து, அந்த அடியைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க இருந்த ரசிகர்களின் ஃபேஸ்புக் பக்கம் பற்றி எரிந்தது. விலைபோய்விட்டார்கள் என்று ஆரம்பித்தது. சட்டையைக் கொளுத்தி வீடியோ போட்டார்கள். சாவு மேளம் என்று ஒருத்தன் எழுதினான். அதற்கு ஆயிரம் சிரிப்புப் பொம்மைகள். உனக்குப் பிடிக்காதது பாட்டா, அதை அடிக்கிறவனா என்று இன்னொருத்தன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவன் அதோடு நிற்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன ஒவ்வொருத்தனிடமும் நீ என்ன ஆளு என்று கேட்க ஆரம்பித்தான். அவர்களும் திருப்பிக் கேட்டார்கள், நீ என்ன ஆளு? ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தப் பாட்டு அந்த வாரம் லட்சக்கணக்கில் ஓடியது.

ஒருவழியாகக் கிடைத்திருந்த ரூமில் படுத்துக்கொண்டு நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குரூப்பில் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. ஞாயிறு வரைக்கும் பேசக் கூடாதே. ஞாயிறே வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லாதவன் யாரிடம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், மின்விசிறியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. வேப்பமரத்தடியில் நாலு கதவையும் திறந்தோம். மூன்று தடவை கேட்டோம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் அந்த அடி விழுந்தால் அது மூச்சு வாங்கும், தடுமாறும், ஏறும், இறங்கும். இதில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். பேஸ் என்று ஒன்றே இல்லை. அடியில் வெறும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பல்வலிக்காரனைப் பற்றிச் சொன்ன மாதிரி இதற்கும் ஒரு உவமையை மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் கார்த்தி முந்திக்கொண்டான். அவன் முகம் சிவந்திருந்தது. அவன் அந்தக் குழுவை என்னைவிட அதிகமாக நேசித்தவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "கிட்டார் எங்கடா போச்சு? சாவு வூட்டுல கேக்குறத எதுக்குடா கார்ல வெச்சுக் கேக்கணும்?" என்றான்.

"கார்த்தி, வாய மூடு. பேஸ் உக்காந்திருக்கான்ல" என்றான் ரகு.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, உடனே எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. ரகு எதற்காக அப்படிச் சொன்னான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கார்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைச் சொல்லவில்லைடா, சத்தியமா உன்னை நினைச்சுச் சொல்லவில்லைடா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பானெட் மேல் இருந்த போனில் நஸ்ரின் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அதை எடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த நிமிஷத்தில் கவிழ்ந்து போனது. கேட்காமல் இருந்தார்கள் என்று நினைத்தேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் ரகுவே ஆறுதலாகச் சொன்னான். முதல் வாரமே தெரியுமாம். அவன் வீட்டில் முந்திரி எடுக்க வருகிற ஒருத்தர் எங்கள் ஊராம், வாட்ஸ்அப்பில் என் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதையெல்லாம் பார்க்கிறதே இல்லைடா என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் பெரம்பலூர் வருவதற்குள் நான் மூன்று வருஷத்தையும் முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். ரகு எப்போதும் என் தண்ணீர் பாட்டிலைத்தான் வாங்கிக் குடிப்பான். தன்னிடம் பாட்டில் இருக்கும்போதும் என்னுடையதைக் கேட்பான். நான் கடித்த பஜ்ஜியின் மிச்சத்தைப் பிடுங்கித் தின்பான். எவ்வளவு உரிமை என்று நான் பூரித்துப் போயிருக்கிறேன். இப்போது அது உரிமையா, இல்லை எனக்குக் காட்டுவதற்காகச் செய்ததா என்று தெரியவில்லை. பல்வலி என்று நான் சொன்னபோது அன்றைக்கு நிஜமாகத்தான் சண்டை போட்டார்களா, இல்லை எனக்காக விட்டுக்கொடுத்து விளையாடினார்களா? இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் நிஜமாகத்தான் என்பார்கள். நிஜமாகவே நிஜமாக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ரகு அந்தப் பெரிய ஃபேஸ்புக் பக்கத்தில் நீளமாக எழுதிவிட்டான். பிளாட்பாரம் ரசிகர்களுக்குள் ஒளிந்திருக்கிற சாதி வெறி என்று ஆரம்பித்து, என் பெயரைப் போடாமல், அரியலூர்ச் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் காலனியைச் சேர்ந்த நண்பன் என்று போட்டிருந்தான். 'சாவு வீடு' என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கண்கள் கலங்கியதைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். என் கண் கலங்கவே இல்லை. அந்த ஆலையில் பாட்டு கேட்கிற சாம்பிள்காரன் எத்தனை பேர் இருப்பான்? மறுநாள் காலை ஷிப்டில் என்னோடு டப்பா தூக்குகிறவன், அழுதியாமே என்று கேட்டான்.

ரகுவுக்குப் போன் போட்டேன். எடுத்துவிடு என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அரவை மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியபடியே கெஞ்சினேன்.

"ஒனக்காகத்தான்டா போட்டேன். நீ பேச மாட்ட, அதான் நான் பேசுறேன்" என்றான்.

கார்த்தியின் நிலைமை அதைவிட மோசம். அவன் பெயரைக் கண்டுபிடித்துக் கடைக்கே போன் போட்டுத் திட்டினார்கள். கடையைப் பற்றி இணையத்தில் கண்டதை எழுதினார்கள். அவன் சொன்னது தப்பு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்தச் சொல் அவன் நாக்கில் அவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆனால் ஆலை கேட்டுக்கு எதிரே, லாரிகளுக்கு நடுவில், பைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்தபோது கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. தூங்கி ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கும் போல. அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, கடையை மூடச் சொல்கிறார் என்றான்.

"நீ ஒரு வார்த்த எழுதுடா. கார்த்தி அப்படிப்பட்டவன் இல்லன்னு. நீ எழுதுனாத்தான் நம்புவாங்க" என்றான்.

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. ஒருத்தனுக்கு நான் காயப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். இன்னொருத்தனுக்குக் காயப்படவில்லை என்று சொல்ல வேண்டும். ரெண்டு பேருக்கும் என்னிடமிருந்து ஒரு சர்ட்டிபிகேட். தாலுகா ஆபீஸில் கூட்டமாக நின்று சாதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். வழங்குகிற அதிகாரியாக நான் உட்கார்ந்தது அந்த ஒரு வாரம்தான்.

எப்படியாவது குரூப்பைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் ரூம், ஷிப்ட், ரூம். பழையபடி பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. ராத்திரி ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் எங்கள் குரூப்பில் எழுதினேன். சாதியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பாட்டை மூன்று தடவை கேட்டேன், பேஸ் இல்லை, மேளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதில் உயிர் போய்விட்டது, எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கு எப்படி என்று கேட்டிருந்தேன். நல்ல ரசிகன் எழுதுகிற மாதிரி எழுதியிருப்பதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

கார்த்தி அதைப் படம் பிடித்து அந்தப் பெரிய பக்கத்தில் போட்டுவிட்டான். 'அந்த நண்பனே சொல்லிவிட்டான், பாருங்கள்' என்று மேலே எழுதியிருந்தான். அவனுக்கு அது மூழ்குகிறவன் கையில் கிடைத்த கயிறு. சட்டையைக் கொளுத்தியவர்கள் எல்லாம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவர்கள் ஆட்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதினார்கள். பாட்டுக்கு ஆதரவாக நின்றவர்கள், அவர்கள் யாரோ, எந்த ஊரோ, என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். பண்ணையார் வீட்டு வாசலில் இன்னும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அப்பாவின் பெயரை இழுத்தார்கள். மேளத்தைத் தொட்டதற்காக என்னை அடித்த அப்பாவை. ரகு எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினான். உனக்காக நான் இவ்வளவு செய்ததற்கு நீ இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று. அவனுக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? ஒரு பாட்டு நன்றாக இல்லை என்று சொன்னேன்.

ஆலைக் கழிவறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அன்றைக்குத்தான் அழுதேன். ரகு முன்கூட்டியே எழுதி வைத்த கண்ணீரை அப்போது வந்து ஒப்புக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

அந்த வாரக் கடைசியில் நஸ்ரினிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குக்கர் விசில் சத்தம். மெதுவாகத்தான் பேசினாள். "போன்ல எனக்கு எல்லாம் கேட்டுச்சு பேஸ். கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. நீங்க எழுதுனதப் படிச்சேன். அல்லாஹ் மேல ஆணையா, எனக்கும் அந்தப் பாட்டுல அதே கொறதான். ஆனா நான் சொன்னா யாரும் படம் புடிச்சுப் போட மாட்டாங்க பாருங்க. நீங்க இனிமே ஒரு பாட்டப் பத்தி எப்படிப் பேசுவீங்க?"

பதில் எழுதி எழுதி அழித்தேன். நிறையப் பேசுவேன் என்று எழுதினேன், அழித்தேன். பேச மாட்டேன் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். ரெண்டு நீல டிக் விழுந்ததை அவள் பார்த்திருப்பாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எண்ணும் மாறிவிட்டது.

குரூப்பை யாரும் கலைக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கரும்பும் மத்தாப்பும் வந்துகொண்டிருந்தன. அப்புறம் அதுவும் நின்றது. கார்த்தியின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். அவன் கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறானாம். ரகு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். பிள்ளைகள், மழை, முந்திரி விலை எல்லாம் பேசுவோம். பாட்டு மட்டும் பேச்சில் வராது. பிளாட்பாரம் ரெண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சினிமாவுக்குப் போய்விட்டது. அந்த டான்ஸ் பாட்டை எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் போடுகிறார்கள். சித்தப்பா மகன் கல்யாணத்தில் என்னையும் இழுத்துவிட்டார்கள். ஆடினேன். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக ஆடினார்கள். எனக்குப் பிடித்து ஆடினேனா, ஆடாவிட்டால் யாராவது ஏதாவது நினைப்பார்களே என்று ஆடினேனா என்று ஆடும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசித்துக்கொண்டே ஆடுகிறவன் எப்படி ஆடியிருப்பான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை திருச்சியில். நல்ல ஆபீஸ், ஏசி, புருவத்தில் தூசி இல்லை. பக்கத்து மேஜைப் பையன் பாட்டுப் பைத்தியம். இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டுவான். புதுசு சார், கேட்டுச் சொல்லுங்க என்பான். வாங்கிக் காதில் வைப்பேன். அடியில் பேஸ் இருக்கிறதா என்று காது தன்னால் தேடும். குறை உடனே தெரிந்துவிடும், அந்தக் காது இன்னும் செத்துவிடவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், பாட்டு யார் போட்டது, பாடினது யார், கேட்கிற இவன் எந்தப் பக்கம், நான் சொல்வதை யாரிடம் கொண்டுபோய் எப்படிச் சொல்வான் என்று ஒரு சுற்று சுற்றி வருகிறேன். அதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

நல்லாயிருக்கு தம்பி என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன். சாருக்கு எல்லாப் பாட்டும் புடிக்கும் என்று அவன் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.